ஓட்டைக் குடைக்கு ஒரு விளம்பரம்

கொழும்பில் 14 வருடமாகத் தமிழ் படிப்பிக்கிறேன். கடைசி ஆறு வருடமும் தரம் 9 வகுப்பில், இரண்டாம் தவணையில் ஐந்தாறு பாடவேளைகளை ஒதுக்கி, விளம்பரம் வாசிக்கவும் போனில் வருகிற செய்திகளை வாசிக்கவும் பழக்குகிறேன். மற்றப் பாடசாலை ஆசிரியர்கள் சிலர் எப்படிச் செய்கிறாய் என்று கேட்டபடியே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் விளங்கப்படுத்தி அலுத்துவிட்டது. அதனால்தான் எழுதிவைக்கிறேன்.

முதல் வருடம் நான் செய்ததை நீங்கள் செய்ய வேண்டாம். முகத்தை வெளுக்கவைக்கும் கிறீம், பல்லில் நட்சத்திரம் மின்னும் பற்பசை, பிள்ளையை ஒரே மாதத்தில் உயர்த்திவிடும் மா என்று டிவி விளம்பரங்களை அடுக்கி, "இதெல்லாம் பொய், ஏமாறாதீர்கள்" என்று முழங்கினேன். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். எதைச் சொன்னால் எனக்குப் பிடிக்கும் என்று இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டார்கள். எந்தப் படத்தைக் காட்டினாலும் "ஏமாத்து டீச்சர்" என்று ஒரே பாட்டு. அந்தப் பாட்டில் ஆகக்கூடிய சத்தம் போட்ட பையன், அடுத்த கிழமை வகுப்பு வட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டிருந்தான். புத்தாண்டை முன்னிட்டு எல்லாருக்கும் 50 ஜிபி டேட்டா இலவசமாம், 10 பேருக்கு அனுப்பினால் உடனே கிடைக்குமாம். கூப்பிட்டுக் கேட்டேன். "அது விளம்பரம் இல்லையே டீச்சர், மாமா அனுப்பினது" என்றான்.

அன்றைக்குத்தான் விளங்கியது. எல்லாம் பொய் என்று சொல்வதற்கும் எல்லாம் உண்மை என்று சொல்வதற்கும் ஒரே அளவு மூளைதான் செலவாகிறது. அதைவிட, பெரும்பாலான விளம்பரங்கள் பொய்யே சொல்வதில்லை. வழக்குப் போட்டால் தப்பிக்கத் தெரிந்தவர்கள்தான் அதை எழுதுகிறார்கள். சொன்னதெல்லாம் உண்மையாக இருக்கும், விட்டதில்தான் சங்கதி. பிள்ளைகளுக்குப் பழக்க வேண்டியது அந்த விட்டதைத் தேடுகிற பழக்கத்தை. அதை வாயால் சொல்லி விளங்கவைக்க முடியாது. அவர்களே ஒருமுறை எதையாவது விட்டுப் பார்க்க வேண்டும்.

அதற்குத்தான் என் குடை.

முதல் நாள்: குடை

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் எப்போதோ வாங்கிய கறுப்புக் குடை அது. எட்டுக் கம்பியில் ஒன்று முறிந்து தொங்குகிறது. உச்சியில் ஐந்து ரூபாய்க் குற்றி அளவு ஓட்டை. பிடியில் செலோடேப் சுற்றியிருக்கிறது. அமத்தினால் திறக்காது, உள்ளே கையை விட்டுத் தள்ள வேண்டும். அதை மேசையில் வைத்து, நான்கு பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கொரு டிமைத் தாளும் மார்க்கர் பேனையும் கொடுக்கிறேன். "இதை 500 ரூபாய்க்கு விற்க வேண்டும். விளம்பரம் எழுதுங்கள். ஒரு விதிதான்: ஒரு சொல்கூடப் பொய்யாக இருக்கக் கூடாது."

குடையைத் தொட்டு, திறந்து, அளந்து பார்க்க விடுங்கள். ஐந்து நிமிடம் கூச்சல்தான். பரவாயில்லை. பக்கத்து வகுப்பு ஆசிரியையிடம் முதலே சொல்லிவைத்தால் போதும். அப்புறம் அமைதியாகிவிடும், ஏனென்றால் இது கஷ்டமான வேலை. இந்த ஆறு வருடத்தில் எனக்குக் கிடைத்தவற்றில் சில:

"பாரம் குறைந்த குடை! சாதாரண குடையை விட ஒரு கம்பி குறைவு."

"ஆறு மழைக்காலம் கண்ட அனுபவம்."

"உங்கள் ஆசிரியர் நம்பிப் பாவித்தது."

"வேறு யாராலும் எளிதில் திறக்க முடியாத பாதுகாப்பு."

"இதைப் போல இன்னொன்று கொழும்பில் கிடையாது."

கடைசி வரியை எழுதிய பிள்ளை இப்போது உயர்தரத்தில் வர்த்தகம் படிக்கிறாள். ஆச்சரியமில்லை.

தாள்களைச் சுவரில் ஒட்டியதும் அடுத்த வேலை. கரும்பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரிக்கிறேன். இடப்பக்கம் "சொன்னது", வலப்பக்கம் "விட்டது". ஒவ்வொரு குழுவும் தன்னுடைய விளம்பரத்தை விட்டுவிட்டு அடுத்த குழுவின் விளம்பரத்துக்கு வலப்பக்கத்தை நிரப்ப வேண்டும். ஓட்டை, முறிந்த கம்பி, செலோடேப் மூன்றும் உடனே வந்துவிடும். நீங்கள் அவசரப்பட்டு அடுத்ததற்குப் போகாமல் காத்திருந்தால் நல்லவையும் வரும். "புதுக் குடை என்ன விலை என்று யாரும் சொல்லவில்லை." "ஏன் விற்கிறார்கள் என்று சொல்லவில்லை." இந்த இரண்டும் வருகிறவரைக்கும் நான் வாயைத் திறப்பதில்லை. ஒரு வருடம் 12 நிமிடம் சும்மா நின்றிருக்கிறேன்.

கட்டாயம் ஒரு சண்டை வரும். "மழையிலும் வெயிலிலும் உங்களோடு கூட வரும்" என்று ஒரு குழு எழுதியிருந்தது. அது பொய் என்றது எதிர்க் குழு. "கூட வரும் என்றுதான் சொன்னோம், நனையாமல் காக்கும் என்று சொல்லவில்லையே" என்று இவர்கள். தீர்ப்புச் சொல்லச் சொல்லி இரண்டு பக்கமும் என்னைப் பார்த்தது. நான் சொல்லவில்லை. மணி அடித்த பிறகும் படிக்கட்டில் அதே வாதம் தொடர்ந்தது. இந்தப் பாடத்தில் நான் தேடுவதே அந்தப் படிக்கட்டு வாதத்தைத்தான். ஆகவே ஆசிரியர்களே, நடுவராக இருக்கும் ஆசையை அன்றைக்கு மட்டும் அடக்குங்கள்.

இரண்டாம் நாள்: பஸ் தரிப்பிடத்து முகங்கள்

இரண்டாம் பாடத்துக்கு டிவி விளம்பரம் எடுக்காதீர்கள். அது தூரத்துப் பொருள். பிள்ளைகள் தினமும் கடந்து போகிற ஒன்றை எடுங்கள். கொழும்பில் அது டியூஷன் நோட்டீஸ்.

கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ ஒரு மின்கம்பத்தைப் பாருங்கள். ஆசிரியர் கை கட்டி நிற்கும் பெரிய படம், கீழே தபால் முத்திரை அளவில் பிள்ளைகளின் முகங்கள், ஒவ்வொன்றுக்கும் அடியில் "9ஏ". நான் கொண்டுபோவதில் 42 முகங்கள் இருக்கின்றன. எண்ணச் சொல்வேன். எண்ணுவது அவர்களுக்குப் பிடிக்கும். பிறகு பழைய கோடு: சொன்னது, விட்டது.

சொன்னது: 42 பேருக்கு ஒன்பது பாடத்திலும் ஏ. அதை உண்மை என்றே வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். விட்டது என்ன? மொத்தம் எத்தனை பேர் அந்த வகுப்பில் படித்தார்கள்? 50 பேரில் 42 என்றால் ஒரு கதை, 900 பேரில் 42 என்றால் வேறு கதை. 42 பேரும் ஒரே வருடத்துப் பிள்ளைகளா? அந்த ஆசிரியர் படிப்பிப்பது கணிதம் மட்டும் என்றால் மிச்ச எட்டு ஏயும் யாருடையது?

மூன்று வருடத்துக்கு முன் இந்த இடத்தில் ஒரு பிள்ளை எழுந்து, "டீச்சர், மூன்றாவது வரியில் இருக்கிறது என் மச்சாள்" என்றாள். மச்சாள் அங்கே போனது பரீட்சைக்கு முந்திய ஆறு கிழமை மீட்டல் வகுப்புக்கு மட்டும். அவளுடைய அதே படம் இன்னும் இரண்டு இடத்து நோட்டீஸிலும் இருக்கிறதாம். வகுப்பு கொல்லென்று சிரித்தது. மூன்று நோட்டீஸும் பொய்யில்லை. மூன்று இடத்திலும் அவள் படித்தது உண்மை. ஆனால் மூன்றையும் சேர்த்துக் கூட்டினால் ஒருத்தி மூன்று பேராகிவிடுகிறாள்.

அந்தச் சிரிப்பு அடங்கமுன் பிரித்தானியாவில் நடந்த ஒன்றைச் சொல்வேன். 80 வீதத்துக்கும் அதிகமான பல் வைத்தியர்கள் கோல்கேட்டைச் சிபாரிசு செய்கிறார்கள் என்று அங்கே ஒரு விளம்பரம் வந்தது. வாசிக்கிறவர் என்ன நினைப்பார்? பத்தில் எட்டு வைத்தியர்கள் மற்றப் பற்பசைகளை ஒதுக்கிவிட்டு இதைத் தெரிந்தெடுத்தார்கள் என்று. உண்மையில் அந்தக் கருத்துக்கணிப்பில் ஒரு வைத்தியர் ஒன்றுக்கு மேற்பட்ட பற்பசைகளைச் சொல்லலாம். போட்டிப் பற்பசைகளையும் அவர்கள் சொல்லியிருந்தார்கள். அங்குள்ள விளம்பரத் தர நியமங்களைக் கவனிக்கும் அமைப்பு 2007இல் அது தவறாக விளங்கவைக்கிறது என்று முடிவு செய்தது. கதையை முடித்ததும் பின்வரிசையிலிருந்து, "பல் வைத்தியரும் மச்சாளும் ஒன்றுதான் டீச்சர்" என்று ஒரு குரல். வீதம் பற்றி இதைவிட நன்றாக என்னால் விளங்கப்படுத்த முடியாது.

ஒரு எச்சரிக்கை. நோட்டீஸில் உள்ள பெயரையும் ஆசிரியரின் முகத்தையும் கடதாசி ஒட்டி மறையுங்கள். முதல் முறை நான் மறைக்கவில்லை. அந்த ஆசிரியரிடம் என் வகுப்பிலேயே ஏழு பேர் படித்தார்கள். அன்று இரவே ஒரு தகப்பன் போன் எடுத்து, "எங்கட சேரைப் பற்றி வகுப்பில என்ன கதைச்சனீங்கள்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

மூன்றாம் நாள்: மூன்று மொழி, ஒரு விளம்பரம்

எனக்கு மிகவும் பிடித்த பாடம் இது. ஒரே பொருளுக்குச் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் விளம்பரம் வருகிற ஊரில் இருக்கிறோம். அந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கிற வாய்ப்பு எல்லா ஊர்ப் பிள்ளைகளுக்கும் கிடைக்காது. லேக் ஹவுஸ் ஒரே இடத்திலிருந்து மூன்று மொழியிலும் பத்திரிகை போடுவதால் வேலை சுலபம்: ஞாயிற்றுக்கிழமை தினகரன் வாரமஞ்சரி, சிலுமின, சண்டே ஒப்சேவர் மூன்றையும் வாங்குங்கள். கடைகளில் கொடுக்கும் மும்மொழித் துண்டுப்பிரசுரம் அதைவிட நல்லது. காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் வருகிற பிள்ளைகளிடம் வழியில் உள்ள பெரிய பலகைகளைக் குறித்துவரச் சொல்லலாம். யன்னலோரம் கிடைத்தால்.

சிங்களம் நன்றாக வாசிக்கிற பிள்ளைகள் என் வகுப்பில் எப்போதும் நான்கைந்து பேர் இருப்பார்கள். தமிழ்ப் பாடத்தில் புள்ளி குறைந்து பின்வரிசையில் ஒதுங்கியிருப்பவர்களும் அவர்களில் உண்டு. அன்றைக்கு அவர்கள்தான் ராசாக்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒருவரைப் பிரித்துக்கொடுங்கள்.

தேட வேண்டியவை இரண்டு. ஒன்று, மூன்று மொழியிலும் ஒரே தகவல்தான் இருக்கிறதா? இரண்டு, சின்ன எழுத்து எந்த மொழியில் இருக்கிறது?

ஒரு வருடம் குளிர்சாதனப் பெட்டி விற்கிற கடையொன்றின் துண்டுப்பிரசுரம் அகப்பட்டது. கடையின் பெயர் வேண்டாம். தமிழ்ப் பக்கத்தில் பெரிய சிவப்பு எழுத்தில் "மாதம் 7,990 ரூபாய் மட்டுமே". அவ்வளவுதான். கீழே கடுகளவில் "நிபந்தனைகளுக்கு உட்பட்டது". நிபந்தனை என்ன என்பது ஆங்கிலப் பக்கத்தின் அடியில் மட்டும் இருந்தது: 24 மாதம். கைக்காசுக்கு வாங்கினால் விலை 149,990. ஒரு பையன் கொப்பியின் பின்மட்டையில் பெருக்கினான். 7,990 தர 24, 191,760. கழித்தால் 41,770 ரூபாய். ஆங்கிலம் வாசிக்கிறவருக்கு அந்த 41,770 தெரியும், தமிழ் மட்டும் வாசிக்கிறவருக்குத் தெரியாது. "அம்மம்மா இதைப் பார்த்தா மாதம் 7,990தானே என்று வாங்கிடுவா" என்றான். அதற்குப் பிறகு அந்தப் பாடத்தில் நான் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

தவணைக் கட்டணத்துக்கு வாங்குவதே பிழை என்று சொல்லிவிடாதீர்கள். கையில் மொத்தக் காசு இல்லாத வீடுகள்தான் அதிகம், பிள்ளைகளும் அந்த வீடுகளிலிருந்துதான் வருகிறார்கள். எவ்வளவு கூடக் கொடுக்கிறோம் என்று தெரிந்து வாங்கினால் அது வேறு விஷயம்.

தமிழ் மொழிபெயர்ப்புகளின் பகிடிகளுக்கும் பத்து நிமிடம் ஒதுக்கலாம், அது ஒரு பொக்கிஷம். ஆனால் சிரிப்பு முடிந்ததும், "இதை ஒரு தமிழ் தெரிந்தவரிடம் காட்ட அவர்களுக்கு ஏன் தோன்றவில்லை?" என்று கேட்டுவையுங்கள். எங்களை யாராக நினைத்து இதை எழுதினார்கள் என்பதும் விட்டதின் பக்கத்தில் வருகிற கேள்விதான்.

இதே கிழமையில் ஒரு சொல்வேட்டையும் செய்யலாம். 2020இல் ஃபெயார் அன்ட் லவ்லி என்ற பெயர் குளோ அன்ட் லவ்லி என்று மாறியது. "வெள்ளை" என்ற சொல் போன இடத்தில் என்னென்ன சொற்கள் வந்து உட்கார்ந்திருக்கின்றன என்று எந்தக் கிறீம் விளம்பரத்திலும் தேடச் சொல்லுங்கள். பொலிவு, பிரகாசம், ஒளிர்வு, பளபளப்பு. ஒத்த கருத்துச் சொற்கள் படிப்பிக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

போத்தலும் தராசும்

வீட்டிலிருந்து சமையல் தராசு, ஒரு கிலோ சீனி, ஒரு தேக்கரண்டி, இரண்டு கண்ணாடிக் கிளாஸ். பிள்ளைகள் குடித்து முடித்த வெறும் போத்தல்களையும் பைக்கற்றுகளையும் ஒரு கிழமைக்கு முதலே சேர்க்கச் சொல்லுங்கள்.

2016 ஓகஸ்ட்டிலிருந்து இலங்கையில் இனிப்புப் பானங்களில் சீனிக்கு வர்ண அடையாளம் இருக்கிறது. 100 மில்லிலீட்டரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், 2க்குக் குறைந்தால் பச்சை. பிள்ளைகளுக்கு இது தெரியும். சிவப்பு கூடாது, மஞ்சள் பரவாயில்லை என்று மனப்பாடம் செய்திருக்கிறார்கள்.

இப்போது 100 மில்லிலீட்டருக்கு 10 கிராம் சீனியுள்ள 500 மில்லிலீட்டர் போத்தல் ஒன்றை எடுங்கள். மஞ்சள். தராசில் 50 கிராம் சீனியை ஒரு பிள்ளை நிறுத்துக் கிளாஸில் கொட்டட்டும். தேக்கரண்டிக்கு 4 கிராம் என்றால் பன்னிரண்டரைக் கரண்டி. அடுத்து, 12 கிராம் அளவுள்ள 200 மில்லிலீட்டர் பைக்கற்று. சிவப்பு. அதற்கு 24 கிராம், ஆறு கரண்டி. இரண்டு கிளாஸையும் பக்கத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். சிவப்பில் இருப்பது மஞ்சளில் பாதிகூட இல்லை.

ஒரு நிமிடம் யாரும் கதைக்கவில்லை. பிறகு, "அப்ப கலர் பொய்யா டீச்சர்?" என்று ஒரு பிள்ளை. இல்லை, கலர் சரி. அது 100 மில்லிலீட்டரைப் பற்றிப் பேசுகிறது, நீ குடிப்பது முழுப் போத்தலை. உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன அளவு, சேர்க்கும் சீனி நாளொன்றின் சக்தியில் 10 வீதத்துக்குள். 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது ஏறத்தாழ 50 கிராம். அதிலும் பாதியாகக் குறைத்தால் நல்லது என்கிறார்கள். அந்த மஞ்சள் போத்தலோடு அன்றைய கணக்கு முடிந்தது.

அரசாங்கம் போட்ட அடையாளத்தையும் இதே கண்ணால்தான் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இந்தப் பாடத்தை வைத்திருக்கிறேன். நல்ல நோக்கத்தோடு வருகிற செய்தியிலும் "விட்டது" என்ற பக்கம் உண்டு. ஆனால் அந்த அடையாளம் இல்லாவிட்டால் இந்தக் கணக்கையே செய்திருக்க முடியாது என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பழைய "எல்லாம் ஏமாத்து" பாட்டு திரும்ப வந்துவிடும். சீனியைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். ஒருமுறை வகுப்பில் விட்டுவிட்டு எறும்போடு இரண்டு நாள் போராடினோம்.

நேரமிருந்தால் ஒரு கேள்வி: 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தோடு சிகரெட்டுக்கும் மதுவுக்கும் விளம்பரம் தடை. பெட்டியின் 80 வீதத்தில் எச்சரிக்கைப் படம். அப்படியானால் புதிதாகப் பிடிக்கத் தொடங்குகிறவனுக்கு யார் விளம்பரம் செய்தது? பதில்களைக் கரும்பலகையில் எழுதாதீர்கள், கேட்டுக்கொண்டிருங்கள். வீட்டுக் கதைகள் வரும்.

போனுக்குள் இருப்பவை

இதைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. இதற்கு முந்திய பாடங்களில் விற்கிறவர் யாரென்று தெரியும். போனில் வருவதை அனுப்புகிறவர் மாமா, சித்தி, பக்கத்து வீட்டு அன்ரி. விளம்பரம் என்ற சட்டையே அதற்கு இல்லை.

புதுச் செய்தியை வகுப்புக்குக் கொண்டுவராதீர்கள். அது உண்மையா பொய்யா என்று உங்களுக்கே தெரியாத நேரத்தில் 38 பிள்ளைகள் முன் மாட்டிக்கொள்வீர்கள், அதோடு 38 வீட்டுக்கு நீங்களே அதைப் பரப்பியும் விடுவீர்கள். முடிவு தெரிந்த பழையதை எடுங்கள். நான் லேசானதிலிருந்து தொடங்குவேன். 2022இல் பெற்றோல் வரிசையில் நின்ற எந்த வீட்டுக்கும் "கப்பல் வந்துவிட்டது, விடிய எல்லா ஷெட்டுக்கும் வரும்" என்ற செய்தி ஞாபகமிருக்கும். எத்தனை தரம் வந்தது, யார் பெயரில் வந்தது, அதை நம்பி யார் போய் நின்றது என்று வீட்டில் கேட்டுவரச் சொல்கிறேன். அப்பாக்கள் கதை கதையாகச் சொல்லி அனுப்புவார்கள்.

பிறகு பாரமானது. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், உணவில் பிள்ளைப்பேற்றைத் தடுக்கும் மருந்து கலக்கப்படுகிறது என்று கதை கிளம்பியது. கடையிலிருந்தவரைச் சூழ்ந்து நின்று கேட்டு, அவர் ஆமென்பது போலச் சொன்னதைப் படம் பிடித்து ஃபேஸ்புக்கில் போட்டார்கள். அவருக்குச் சிங்களம் சரியாக வராது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பிறகு அரச பகுப்பாய்வாளர் சோதித்துப் பார்த்தபோது அது மாக்கட்டி. என் வகுப்பில் முஸ்லிம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களை "நீ சொல்லு" என்று நான் கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. ஒரேயொரு கேள்வியை வைப்பேன்: அந்த வீடியோ பார்த்தவருக்குத் தெரியாமல் போனது எது? முதலாவது பதில் எப்போதும் "அவருக்குக் கேள்வி விளங்கவில்லை என்பது" என்றுதான் வருகிறது. மூன்று மொழிப் பாடம் அதற்குள் மனதில் ஊறியிருக்கிறது என்று அந்த இடத்தில் எனக்குத் தெரியும்.

காசு கட்டி ஆள் சேர்க்கும் பிரமிட் திட்டங்களைக் கணித ஆசிரியரோடு சேர்ந்து செய்யுங்கள். ஒருவர் ஐந்து பேரைச் சேர்க்க வேண்டும், அந்த ஐவரும் ஆளுக்கு ஐந்து. 5, 25, 125 என்று பெருக்கிக்கொண்டே போகட்டும். பதினோராவது படியில் 48,828,125. இலங்கையின் சனத்தொகையை விட இரண்டு மடங்குக்கும் மேல். அந்த எண்ணைக் கரும்பலகையில் விட்டுவிட்டு, வங்கிச் சட்டத்தின் 83சீ பிரிவு இதைத் தடைசெய்திருக்கிறது என்றும், தடைசெய்யப்பட்டவற்றின் பட்டியலை மத்திய வங்கி வெளியிடுகிறது என்றும் சொன்னால் போதும். ஏதாவது ஒரு பிள்ளை முகம் சுருங்கி உட்கார்ந்திருக்கும். அந்த வீட்டில் யாரோ காசு போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தப் பிள்ளையிடம் வகுப்பில் எதுவும் கேட்காதீர்கள்.

டிக்டொக்கிலும் யூடியூப்பிலும் பொருட்களைப் புகழ்கிற அக்காமாரைப் பற்றிக் கதைத்தால் பெண்பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள். "அவ அப்படிக் காசுக்குச் சொல்ற ஆள் இல்ல டீச்சர்." வாதாட வேண்டாம். வீடியோவின் கீழே விலையைக் குறைக்கும் கழிவுக் குறியீடு ஏதும் இருக்கிறதா, அதில் யாருடைய பெயர் இருக்கிறது என்று மட்டும் பார்த்துவரச் சொல்லுங்கள். அவருடைய பெயரிலேயே குறியீடு என்றால், யாரால் எத்தனை விற்றது என்று யாரோ எண்ணுகிறார்கள். ஏன் எண்ணுகிறார்கள்? மிச்சத்தை அவர்களே யோசிப்பார்கள்.

வீட்டுப் பிரச்சினையை முன்கூட்டியே யோசியுங்கள். இந்தப் பாடம் படித்த உற்சாகத்தில் பிள்ளைகள் வீட்டுக்குப் போய், குடும்பக் குழுவில் பெரியப்பாவைப் பார்த்து "இது பொய்" என்று எழுதிவிடுவார்கள். எனக்கு அப்படி இரண்டு முறைப்பாடு வந்தது. இப்போது ஒரு வசனத்தைப் பாடமாக்கியே அனுப்புகிறேன்: "பெரியப்பா, இது எங்க இருந்து வந்தது?" மரியாதையும் கெடாது, கேள்வியும் கேட்டாயிற்று. ஒரு பெரியப்பா பதில் எழுதியிருந்தாராம்: "தெரியாது மகள், வந்தது, அனுப்பினேன்."

புள்ளி போடுவது

"இது பரீட்சைக்கு வருமா?" என்று பெற்றோர் கேட்பார்கள். சாதாரண தரத்தில் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் என்றொரு பாடமே இருக்கிறது என்று சொல்லுங்கள், அமைதியாகிவிடுவார்கள். என் வகுப்பில் நான் புள்ளி போடுவது பிள்ளை கண்டுபிடித்த பொய்களின் எண்ணிக்கைக்கு இல்லை. அப்படிப் போட்டால் இல்லாத பொய்யையும் கண்டுபிடிப்பார்கள். ஒரு விளம்பரத்தைக் கொண்டுவந்து, வலப்பக்கத்தில் எழுதிய கேள்விகளில் எத்தனைக்கு விடை தேடிப் பார்த்தார்கள் என்பதற்குத்தான் புள்ளி. கடைக்காரரிடம் கேட்டேன், சொல்லவில்லை என்று எழுதினாலும் முழுப்புள்ளி.

போன வருடம் பாடசாலைச் சஞ்சிகைக்கு வாசிப்பு முகாம் பற்றி நான் ஒரு குறிப்பு எழுதினேன். "பெற்றோர் பெருந்திரளாகக் கலந்து சிறப்பித்தனர்" என்று வழக்கமான வசனம். பிழை பார்க்கக் கொடுத்த இரண்டு பிள்ளைகள் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டு, "எத்தனை பேர் டீச்சர்?" என்று எழுதித் திருப்பித் தந்தார்கள். வரவுப் பதிவை எடுத்து எண்ணினேன். 23. அழைத்தது 190 பேரை. அப்படியே மாற்றி எழுதிக்கொடுத்தேன். அதிபர் வாசித்துவிட்டு, "பெருந்திரள் என்றே இருக்கட்டும்" என்றார்.

குடை இனிச் சரிவராது. தம்பி தங்கைகளுக்கெல்லாம் கதை போய்விட்டது, வகுப்புக்குள் நுழையும்போதே "ஓட்டைக் குடை டீச்சர்" என்கிறார்கள். இந்த முறை ஒரு சுடுதண்ணீர்ப் போத்தல் எடுத்துவைத்திருக்கிறேன். நல்ல சிவப்பு நிறம், ஒரு கீறல் கிடையாது, பிடி உறுதி, உள்ளே கண்ணாடி பளிச்சென்று இருக்கிறது. மூடியைப் பற்றி அவர்கள் கேட்டால்தான் சொல்வேன்.